கடிதத்தின் அடியில் கடைக்காரர் முகம்

முன்பெல்லாம் வெளியூர் பார்ட்டி ஒருவர் நம்மிடம் புதிதாகக் கணக்குத் தொடங்குவதென்றால், ஒருமுறையாவது திருப்பூர் வந்து, கடையில் உட்கார்ந்து டீ குடித்து, சரக்கைத் தொட்டுப் பார்த்து, நம் முகத்தையும் பார்த்துக்கொண்டு போவார். அதன் பிறகே ஆர்டர். இன்று பாட்னாவிலோ விஜயவாடாவிலோ இருக்கும் கடைக்காரர் இமெயிலில் வந்த விலைப்பட்டியலைப் பார்த்து, 80 சைஸ் இத்தனை டஜன், 85 சைஸ் இத்தனை டஜன் என்று எழுதி, முன்பணத்தையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. நம்மை அவர் கண்டதே இல்லை. அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆகவே இமெயிலின் அடியில் பெயருக்குப் பக்கத்தில் நம் போட்டோ ஒன்றை வைத்து அனுப்புவது நல்ல வழக்கமே. ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

முகத்தைக் காட்டி வியாபாரம் செய்வது புதிதல்ல. வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, 1978இல் சொந்தக் கடை தொடங்கிய எச். வசந்தகுமார், தம் சிரித்த முகத்தையே விளம்பரமாக்கினார். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் அவர் காலமாகும் வரை, பிரிட்ஜ் வாங்காதவருக்கும் அந்த முகம் தெரியும். சியால்கோட்டிலிருந்து பிரிவினையின்போது டெல்லிக்கு வந்து, குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த தரம்பால் குலாட்டி, எம்.டி.எச். மசாலாப் பொட்டலத்தில் தலைப்பாகையும் மீசையுமாகத் தாமே நின்றார். 2020 டிசம்பரில் 97 வயதில் மறைந்தார். இவர்களைப் பார்த்து மக்கள் நினைத்தது ஒன்றுதான்: பொருளில் கோளாறு என்றால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு. துபாயில் அட்லஸ் நகைக்கடை நடத்திய கேரளத்து ராமச்சந்திரன், கோடி ஜனங்களின் நம்பிக்கைக்குரிய கடை என்று தொலைக்காட்சியில் தாமே தோன்றிச் சொன்னவர். வங்கிக் கடன் விவகாரத்தில் 2015இல் சிறை சென்று 2018இல்தான் வெளியே வந்தார். பெயர் மட்டும் போட்டிருந்த கடை நொடித்திருந்தால் ஊர் அத்தனை பேசியிருக்காது. போட்டோ போடுகிறவர் பாக்கியையும் வாக்கையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எந்தப் படம் போடுவது? நம்மில் பலர் மகன் கல்யாணத்தில் கோட் போட்டு எடுத்த படத்தையோ, தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் படத்தையோ தேடுகிறோம். இன்றைய முகம் போதும். கடை அலமாரிக்கு முன்னால், பேல் அடுக்கிய இடத்தில், வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுத்தால் செல்போன் படமே நன்றாக இருக்கும். இமெயில், வாட்ஸ்அப், விசிட்டிங் கார்டு மூன்றிலும் ஒரே படம் இருக்கட்டும். அளவைச் சிறிதாக்கி அனுப்புங்கள். பெயர், போன் எண், ஜி.எஸ்.டி. எண் எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே அச்சடித்து அனுப்பாதீர்கள். பல அலுவலகங்களில் இமெயில் திறந்ததும் படம் தெரியாது; தனியே அனுமதி கொடுத்தால்தான் தெரியும். எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். முகத்தைவிட 33 என்று தொடங்கும் நம் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. சந்தேகப்படுகிறவர் அரசு இணையதளத்தில் அதைப் போட்டு, அது யார் பெயரில் இருக்கிறது என்று தாமே பார்த்துக்கொள்ளலாம்.

விற்பனைப் பையன்களின் படத்தைப் போடுவதானால் அவர்கள் சம்மதம் கேட்டுப் போடுங்கள். வேலையை விட்டுப் போன அன்றே எடுத்துவிடுங்கள். படத்தை நம்பி வெளியூர்ப் பார்ட்டி அவரிடமே பாக்கியைக் கொடுத்துவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது?

இனி முக்கியமான விஷயம். நாம் வெளியிட்ட போட்டோவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை நம் பூண்டியில் மறித்துப் பறித்தவர்கள் வேடர் உருவில் வந்த பூத கணங்கள் என்பது தலவரலாறு. அவருக்குப் போன பொன் திரும்பி வந்தது. நமக்கு அப்படி வராது. முதலாளியின் படத்தை வைத்துப் புதிய எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கி, "மீட்டிங்கில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு உடனே பணம் போடு" என்று கணக்கருக்குச் செய்தி அனுப்பும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. இமெயிலில் இன்னும் நுட்பம். எம் என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. நம் படம், நம் பெயர், நம் பில் எல்லாம் அப்படியே இருக்கும். வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறாக இருக்கும்.

ஆகவே போட்டோ வைக்கும் அதே இமெயிலில், "எங்கள் வங்கிக் கணக்கை இமெயில் மூலம் மாற்றச் சொல்ல மாட்டோம்; அப்படி வந்தால் எங்கள் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். நம் கணக்கருக்கும் இதே சட்டம். முதலாளி குரலைக் கேட்காமல் புதுக் கணக்குக்கு ஒரு ரூபாய் போகக் கூடாது. மீறிப் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு அப்போதே போன் செய்ய வேண்டும். மோசடிக்காரர் பணத்தை எடுப்பதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. காலையில் கடை திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது.