தாணே–வாஷி வளையமும் ஒற்றைக் கம்பிக் கோலமும்

2004 வரை தாணேயில் இருப்பவர் வாஷிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் குர்லாவுக்கு வர வேண்டும். முலுண்ட், காட்கோபர் என்று தெற்கே இறங்கி, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறி, செம்பூர், மான்குர்த் தாண்டி, கடற்கழிப் பாலம் ஏறி வாஷி. அந்த வருடம் ட்ரான்ஸ்ஹார்பர் தடம் திறந்தது. தாணேயில் ஏறினால் ஐரோலி, கோபர்கைர்ணே வழியாக நேரே வாஷி என்றாகிவிட்டது.

பயணிக்கு இது நேர மிச்சம். கணிதக்காரருக்குக் கண்ணில் படுவது வேறு: மும்பை ரயில் வலையில் புதிதாக ஒரு வளையம் விழுந்திருக்கிறது. குர்லா, தாணே, வாஷி, செம்பூர், மறுபடி குர்லா. வளையத்துக்கு நடுவே தாணே க்ரீக் என்கிற கடற்கழி. அதுவரை மரக்கிளை போல் பிரிந்து கிடந்த இரண்டு தடங்கள் சேர்ந்துவிட்டன. கிளையில் ஒரு இடம் அடைபட்டால் அதற்கு அப்பால் இருப்பவர் கதி அதோகதி. வளையத்தில் அப்படியில்லை. முலுண்டில் தடம் அடைபட்டாலும் தாணேக்காரர் வாஷியைச் சுற்றிக்கொண்டு குர்லாவுக்கு வந்துவிடலாம். தூரம் கூடும், அவ்வளவுதான்.

இந்த வளையம் எத்தனை கிலோமீட்டர், வட்டமா கோணலா என்பதெல்லாம் இந்த வாதத்துக்கு வேண்டியதே இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது, ஓட்டை எத்தனை, முடிச்சு எங்கே என்று மட்டும் கேட்கும் கணிதத்துக்கு டோபாலஜி என்று பெயர். தமிழில் இடவியல் என்கிறோம். தாணேவாசிக்கு இதை விளக்க வடையே போதும். நடுவே ஓட்டையுள்ள மெதுவடையும், பாவுக்குள் வைக்கிற ஓட்டையில்லாத படாட்டா வடாவும் இடவியலில் வேறு வேறு இனம். மாவைக் கிழிக்காமலும் புதிதாக ஒட்டாமலும் எவ்வளவு இழுத்துப் பிசைந்தாலும் ஒன்று மற்றொன்றாகாது. டபராவும் டம்ளரும் படாட்டா வடா பக்கம். காது வைத்த கோப்பை மெதுவடை பக்கம்.

லோக்கல் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தட வரைபடமும் இடவியல் படம்தான். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் 14 பெட்டிகளில் சுமார் 400 பேரோடு ஓடியது. அந்த 34 கி.மீ. தடம் வரைபடத்தில் ஒரு நேர்கோடு. மஸ்ஜித்துக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை; மான்குர்துக்கும் வாஷிக்கும் நடுவே கடற்கழியையே தாண்ட வேண்டும். படத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளிதான். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் 1931-ல் இப்படி ஒரு படம் வரைந்தபோது நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933-ல் அச்சாகி வந்ததும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். நிலத்துக்கடியில் போகிறவனுக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்று தெரிந்து ஆகப்போவதென்ன? எங்கே மாறுவது என்று தெரிந்தால் போதும்.

இப்படிப் பார்ப்பதற்கு மூலம் கணிதர் ஆய்லர். கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களில் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து சுற்றி வர முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, நான்கு நிலப்பகுதிகளை நான்கு புள்ளிகளாகப் பார்த்தார். நான்கிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலங்கள். வர ஒரு பாலம் என்றால் போக ஒரு பாலம் வேண்டும், அதாவது இரட்டைப்படை. ஆகவே முடியாது. 1736-ல் தீர்ந்த கணக்கு.

ஆனால் இந்தப் படங்களுக்கு ஒரு குணம் உண்டு: எதைத் தூக்கி எறிந்தோம் என்று அவை சொல்வதில்லை. தாராவியைப் பாருங்கள். மேற்கே வெஸ்டர்ன் தடம், கிழக்கே சென்ட்ரல் தடம், வடக்கே மித்தி ஆறு. தாராவி என்ற பெயரில் லோக்கல் நிலையம் கிடையாது. சயானிலோ மாஹிமிலோ இறங்கித்தான் போகிறார்கள். லட்சக்கணக்கானோர், அவர்களில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் தலைமுறைகள் பல, வாழும் ஊர் அந்தப் படத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே வெற்று வெள்ளை. இடவியலில் பரப்புக்கு மதிப்பில்லை. ரயில் மாற அது குறையாகாது. அதே படத்தை நகரத்தின் படம் என்று நம்பினால்தான் வம்பு.

மும்பைக்கும் இந்தக் கணிதத்துக்கும் நேரடி உறவே உண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு 1953-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. ஓட்டைகள் உள்ள ஒரு மேற்பரப்பில், எவ்வளவு இறுக்கினாலும் ஒரு புள்ளியாகச் சுருங்காத வளையங்கள் உண்டு, ஓட்டை தடுக்கும். அந்த வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றினால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு இடவியலுடையது. அதே பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெளியை நட்டு, அவற்றை இசைவாகத் தொடுத்து உண்டாக்கும் கட்டமைப்புகள் இயற்கணித வடிவியலுடையவை. தகுந்த நிபந்தனைகளில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் ஜோடி என்று காட்டினார்கள். சைமன் டொனால்ட்சன் 1983-ல் இதற்குப் புதிய நிரூபணம் தந்தார். அந்த வழியில் இயற்பியலும் இதற்குள் வந்து சேர்ந்தது.

கலை வந்த வழி இன்னும் வேடிக்கை. வார்சாவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய சாமுவேல் ஐலன்பெர்க், இருபதாம் நூற்றாண்டு இடவியலின் தூண்களில் ஒருவர். 1950-களில் பம்பாய் வந்தவருக்கு இங்கே சிலை சேகரிக்கும் பித்துப் பிடித்தது. சிறிய சிலைகளாகத் தேடித் தேடி வாங்கினார். பின்னாளில் 400-க்கும் மேற்பட்டவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பதிலுக்கு, கொலம்பியாவில் கணிதத்துக்கு வருகைப் பேராசிரியர் இருக்கை ஒன்று அமைய நிதி திரண்டது. இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்கள் நியூயார்க்கில் கணிதச் சம்பளமான கதை. அவை எந்தெந்தக் கோயில் வாசல்களைத் தாண்டிச் சந்தைக்கு வந்தன என்ற கேள்வியை அந்தக் காலத்தில் யாரும் அதிகம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலையில் இடவியலைத் தேடுபவர்கள் ஓவியர் எஷரின், ஒரே பக்கமுள்ள மோபியஸ் பட்டையையும், மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் சிகாகோ எஃகுச் சிற்பத்தையும் காட்டுவார்கள். எனக்கு அதைவிட நெருக்கமான சான்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மார்கழி வாசல்களில் இருக்கிறது.

சிக்குக் கோலத்தில் நேர்ப்புள்ளி வையுங்கள்: 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாக ஓட வேண்டும், வெட்டும் இடத்தில் திரும்பாமல் நேரே போக வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். போட்டு முடித்தால் தனித்தனியாக நான்கு கம்பிகள் இருக்கும். ஒரு வரிசை கூட்டி 5 வரிசையாக்குங்கள். இப்போது எல்லாப் புள்ளியையும் ஒரே கம்பி சுற்றி வந்துவிடும். 4-க்கு 6 என்றால் இரண்டு கம்பி. எத்தனை கம்பி என்பது அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. பள்ளிக்கூடத்தில் படித்த அதே காரணி. ஒவ்வொரு வெட்டிலும் நான்கு கைகள், இரட்டைப்படை. ஆகவே ஆய்லரின் நிபந்தனை எப்போதும் நிறைவேறுகிறது. நேரே போகவேண்டும் என்ற கோலத்தின் விதிதான் விஷயத்தைக் கடினமாக்குகிறது.

நான்கு கம்பியை ஒன்றாக்கக் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டை எடுத்துவிட்டு, இரண்டையும் முதுகு காட்டித் திருப்பிவிட்டால் போதும். இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் இதைச் செய்தால் அது இரண்டாகப் பிரிந்துவிடவும் கூடும். முடிச்சுக் கோட்பாட்டில் ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதே வேலைதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள். கணினி என்றால் என்னவென்றே பெரும்பாலோர் அறியாத காலம் அது.

இதே வெட்டும் ஒட்டும் நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ ஒரு மூடிய வளையம், நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அது அடங்கிக் கிடக்கும் செல்லின் நீளம் மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது முறுக்கு ஏறும், வளையங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். இழுத்துப் பிரிக்க முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும். இழையை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டும் நொதிகளுக்கு டோபோஐசோமரேஸ் என்று பெயர். முதல் நொதியை ஜேம்ஸ் வாங் 1971-ல் கண்டறிந்தார்.

வெட்டிய பிறகு ஒட்ட விடாமல் அப்படிப்பட்ட நொதியைச் சிக்க வைத்தால், வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் சாகும். கேம்ப்டோதெசின் என்ற வேதிப்பொருள் அதைத்தான் செய்கிறது. 1966-ல் ஒரு சீன மரத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்த இருவரில் ஒருவர் மன்சுக் வாணி. மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்து மும்பைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். டோபோடெகான், இரினோடெகான் மருந்துகள் அதன் வழி வந்தவை. அதே பொருள் மேற்குத் தொடர்ச்சி மலையில் மராத்தியர் ‘நரக்யா’ என்று சொல்லும் சிறு மரத்திலும் இருக்கிறது. மருந்துத் தேவைக்காக வெட்டி வெட்டி அந்த மரம் இப்போது அருகிவருகிறது.