கச்சேரிக்குத் திகதி பார்த்தல்

என் சின்னம்மா ஒருவர் பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, சென்னையின் மார்கழிச் சங்கீத விழாவைக் கேட்பதற்கென்றே ஒரு முறை பயணமானார். மார்கழி மாதம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் வரையில் இருக்கிறதே, அவசரம் எதற்கு என்று எண்ணி, ஜனவரி 5-ஆந் திகதி விமானம் ஏறினார். புறப்படுவதற்கு நல்ல நாள், நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் பார்த்தாயிற்று. பாராமல் விட்டது ஒன்றே ஒன்று. அவர் கேட்க விரும்பிய பாடகர்கள் எந்தத் திகதியிலே, எந்தச் சபாவிலே பாடுகிறார்கள் என்பதுதான் அது.

அங்கே போய்ப் பார்த்தால், மியூஸிக் அகாடமியின் சங்கீத விழா முடிந்து, மேடையிலே நாட்டிய விழா நடந்துகொண்டிருந்தது. அவர் மனத்திலே குறித்துக்கொண்டு போன நால்வரில் ஒருவர்கூட அந்த வாரம் சென்னையிலே பாடவில்லை. "ஆட்டமும் வடிவாய்த்தான் இருந்தது பிள்ளை, ஆனால் நான் போனது காதுக்கல்லோ" என்று திரும்பி வந்து சொன்னார். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பஞ்சாங்கத்தின் மார்கழி வேறு, சபாக்களின் மார்கழி வேறு என்பதை நம்மவர் பலர் அறிவதில்லை. பஞ்சாங்க மார்கழி டிசம்பர் 16-ஆந் திகதியை ஒட்டிப் பிறக்கிறது. சபாக்களின் மார்கழியோ நத்தார் விடுமுறையைச் சுற்றி அமைந்தது. 1927 டிசம்பரிலே காங்கிரஸ் மகாசபை சென்னையிலே கூடியபோது அதனோடு ஒரு சங்கீத மகாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928-இலே மியூஸிக் அகாடமி தோன்றியது. இன்றும் அகாடமியின் சங்கீத விழா டிசம்பர் நடுப்பகுதியிலே தொடங்கி, ஜனவரி முதலாந் திகதி ‘சங்கீத கலாநிதி’ விருது வழங்கும் சதஸுடன் நிறைவெய்துவது வழக்கம். சில சபாக்கள் முந்திக்கொள்கின்றன. சில பொங்கல் வரை நீட்டுகின்றன. ஆயினும் பெரிய வித்துவான்களைத் தேடிப் போகிறவருக்கு டிசம்பர் 18 முதல் 30 வரையுள்ள நாட்களே செழிப்பானவை. நிகழ்ச்சி நிரல் வெளிவருமுன்பே விமானச் சீட்டு வாங்க வேண்டியிருந்தால், இந்தத் திகதிகளை நம்பி வாங்கலாம். விசாவுக்கு வேண்டிய நாட்களையும் கணக்கிலே சேர்த்துக்கொள்க.

நிரல் வெளியானதும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, பக்கவாட்டிலே திகதிகளையும், மேலே காலை, பிற்பகல், நாலு மணி, இரவு என்ற வேளைகளையும் எழுதிக் கட்டம் போடவேண்டும். சபாவை முதலிலே எழுதாதீர்கள், பாடகரை எழுதுங்கள். பெயர்பெற்ற வித்துவான் ஒருவர் ஒரே பருவத்திலே பல சபாக்களிலே பாடுகிறார். அகாடமியிலே அவருடைய கச்சேரிக்கு டிக்கட் கிடைக்காவிட்டால், இரண்டு நாள் கழித்து நாரத கான சபாவிலோ, தியாகராய நகர் கிருஷ்ண கான சபாவிலோ அவரையே கேட்கலாம். பாடகருக்கு எதிரே திகதிகளை எழுதியவருக்கே இது கண்ணிற் படும்.

தூரத்தையும் பார்க்கவேண்டும். அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே வீதியில் உள்ளவை, நடந்தே போய்விடலாம். கலாக்ஷேத்திரமோ திருவான்மியூரிலே கடற்கரைப் பக்கம். 1943-இலே தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா, பாரிமுனைப் பக்கத்து ராஜா அண்ணாமலை மன்றத்திலே நடப்பது. தமிழ்ப் பாட்டையே கேட்க விரும்புவோர் அதற்கென ஒரு நாளை முழுதாக ஒதுக்குவது நன்று. சென்னையின் மாலைநேர வாகன நெரிசலிலே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேருமுன் வர்ணம் முடிந்து ஆலாபனையும் பாதி முடிந்திருக்கும். இடையிலே கிடைக்கும் நேரத்தைச் சபாச் சிற்றுண்டிச்சாலையிலே கழிப்பது பாவமன்று. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

இனி, ஆங்கிலத் திகதிக்குள் அடங்காத இரண்டு நாட்கள். சிதம்பரத்து ஆருத்திரா தரிசனம் மார்கழித் திருவாதிரையிலே வருவது. அது 2023-இலே ஜனவரி 6, டிசம்பர் 27 என இரு முறை வந்தது, 2024-இலே வரவேயில்லை, அடுத்தது 2025 ஜனவரி 13-இல் வந்தது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியிலே நடப்பது. 2023-இலே ஜனவரி 11, 2024-இலே ஜனவரி 30, 2025-இலே ஜனவரி 18. காவேரிக் கரையிலே நூற்றுக்கணக்கான வித்துவான்கள் ஒன்றாயிருந்து பஞ்சரத்தினம் பாடும் அந்தக் காலைப்பொழுது, சென்னை விழாவை ஒட்டி வரும் வருஷமும் உண்டு. நான்கு வாரம் தள்ளிப்போகும் வருஷமும் உண்டு. இவ்விரண்டையும் போன வருஷத் திகதியை வைத்துத் தீர்மானித்தல் ஆகாது. பஞ்சாங்கத்தை இங்கேதான் புரட்டவேண்டும்.

போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்திலே தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலிலே சென்னை சேர்ந்தார்கள். 1964 டிசம்பர் 22-ஆந் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. சங்கீத விழா நடக்கும் நாட்கள்தாம் அவை. 2023 ஒக்டோபர் 14-ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே தொடங்கிய கப்பற் சேவையும் மழைக் காலம் வந்ததும் அதே மாதத்தில் நின்று, 2024 ஆகஸ்டிலேதான் மீண்டும் ஓடிற்று. ஆகவே டிசம்பர்க் கடலை நம்பிக் கச்சேரிக்கு டிக்கட் வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சின்னம்மா மூன்று வருஷம் கழித்து மறுபடியும் போனார். இம்முறை டிசம்பர் 19-ஆந் திகதி, கட்டம் போட்ட கொப்பியோடு. நால்வரில் மூவரைக் கேட்டுவிட்டார். நாலாமவர் பாடிய அன்று காய்ச்சல். அதற்கு மறுநாள், களைப்பாற ஒரு சபாவுக்குள் நுழைந்தவர், கட்டணமில்லாத பிற்பகற் கச்சேரியிலே, பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பாடிய தோடியைக் கேட்டிருக்கிறார். கொப்பியிலே அந்தக் கட்டம் முன்பு வெறுமையாய் இருந்தது. இப்பொழுது அதிலே அந்தப் பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது. கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறார்.