வீட்டுக்குள் நடப்பதும் ஊரின் பொறுப்பே

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் பெருகிய வெள்ளம் சாத்தனூர் அணையைக் கடந்து தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்ததைத் திருக்கோவிலூர் வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்ந்த பகுதியிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர் எவரும், "உன்மேல் என்ன தவறு?" என்று கேட்டதில்லை, "பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ" என்று சொன்னதுமில்லை. ஆபத்தில் வந்தவருக்கு முதலில் இடம் கொடுப்பது, மற்றவற்றைப் பிறகு பேசுவது என்பதே நம் ஊர்களின் வழக்கம்.

ஆனால், அதே தெருவில் நள்ளிரவில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். "புருஷன் பெண்சாதி சண்டையில் நமக்கு என்ன வேலை?" என்கிறோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்னும் பழமொழியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். வெள்ளத்தில் வந்தவருக்குத் திறந்த கதவு, வீட்டிலேயே அடிபட்டவருக்கு ஏன் திறப்பதில்லை என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை வீடுகளில்?

"நம் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்பவர் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் எனக் கூறுகிறது. இவ்வயதில் மணமான பெண்கள் 300 பேர் உள்ள ஓர் ஊரில், இக்கணக்குப்படி நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்வாறு துன்புற்றவராவர். அவர்கள் நம் கண்ணில் படாததற்குக் காரணம் என்ன? அதே ஆய்வின்படி, இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. ஆகவே, ஊர் அமைதியாக இருப்பதைக் கொண்டு வீடுகளும் அமைதியாக இருக்கின்றன என்று முடிவு செய்துவிடலாகாது.

குடியே இதற்கெல்லாம் காரணம் என்பாரும் உளர். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனதைக் கண்ட நம் மாவட்டத்தாருக்குக் குடியின் கேட்டை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குடி வன்முறையைப் பெருக்குகிறது. ஆயினும் அதுவே வேர் அன்று. குடித்த நிலையிலும் தனக்குக் கூலி கொடுப்பவரை அடிக்கத் துணியாத ஒருவன், வீட்டுக்கு வந்ததும் மனைவியை அடிக்கிறான் என்றால், அங்கே அடித்தால் கேள்வி வரும், இங்கே அடித்தால் கேட்பார் இல்லை என்பதை அவன் அறிந்திருக்கிறான். அந்தக் 'கேட்பார் இல்லை' என்ற நிலையை மாற்றுவதுதான் ஊரின் வேலை.

நாம் செய்த பிழை

வட்டார வளர்ச்சிப் பணியில் சேர்ந்த புதிதில், வேறொரு பகுதியில் நாம் செய்த பிழை ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிராம சபை நாளில், கன்றிய முகத்தோடு ஒரு பெண் வந்து நின்றார். பெரியவர்கள் கூடினார்கள், நாமும் உடன் அமர்ந்தோம். கணவனை வரவழைத்துக் கண்டித்தோம். "இனிமேல் கை ஓங்க மாட்டேன்" என்று அவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்ற மனநிறைவோடு கலைந்தோம். அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போது எமக்கு உறைக்கவில்லை.

நான்காம் மாதம் அவரை அரசு மருத்துவமனையில் முன்கை முறிந்த நிலையில் கண்டோம். "அன்னிக்கு நாலு பேரு முன்னால தலைகுனிய வெச்சியேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாருங்க, ஐயா" என்றார்.

அன்று எங்கள் நோக்கத்தில் குறையில்லை, முறையில்தான் குறை. அடித்தவன் எதிரிலேயே அடிபட்டவரைப் பேசச் சொன்னோம்; அச்சத்தில் இருப்பவர் அங்கே உண்மை பேச இயலாது. அவருக்காக நாங்களே முடிவு செய்தோம். திருப்பி அனுப்பிய பிறகு, அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. சேர்த்து வைப்பது ஒன்றே வெற்றி என எண்ணியதே இம்மூன்று பிழைகளுக்கும் தாய். அடிபட்டவர் பத்திரமாக இருக்கிறாரா என்பதே ஊர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

சட்டம் தரும் துணை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடித்தல் மட்டுமே வன்முறை என்று அச்சட்டம் கருதவில்லை. பாலியல் கொடுமை, இழிசொல்லால் மனத்தைப் புண்படுத்துதல், செலவுக்குப் பணம் தராமலும் நகையைப் பறித்தும் வருத்துதல் ஆகியனவும் அதில் அடங்கும்.

வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், கூடி வாழ்ந்த வீட்டில் தங்க அப்பெண்ணுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருமாறும், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்குமாறும் உத்தரவிடலாம். மனு கிடைத்த நாளிலிருந்து பொதுவாக மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்கப்பட வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஊரார் கருத்தில் கொள்ள வேண்டிய ஒரு பிரிவு இச்சட்டத்தில் உண்டு. வன்முறை நடப்பதாக அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது அதற்காக வழக்கு எதுவும் வாராது. "சாட்சி சொன்னால் நமக்கு வம்பு" என்று அஞ்சுவோர் இதனை அறிய வேண்டும்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகினால் பாதுகாப்பு அலுவலரைக் காணலாம். நம் ஒன்றிய அலுவலகத்துச் சமூக நல விரிவாக்க அலுவலரும் ஊர்நல அலுவலர்களும் வழிகாட்டுவார்கள். மருத்துவம், தங்கும் இடம், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை ஓரிடத்தில் தரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்ட அளவில் இயங்குகின்றன. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் அதைக் கேட்டுப் பெறலாம். 181 என்னும் மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112 எண்ணை அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567.

முதலில் கேட்பவர்

துன்புற்ற பெண் முதலில் செல்வது காவல் நிலையத்திற்கு அன்று. பக்கத்து வீட்டு அக்காவிடமோ, அங்கன்வாடிப் பணியாளரிடமோ, சுய உதவிக் குழுத் தலைவியிடமோ, ஊராட்சி உறுப்பினரிடமோதான் செல்கிறார். அவர் அங்கே கேட்கும் முதற்சொல்லைப் பொறுத்தே அடுத்த அடி எடுத்து வைப்பார், அல்லது வாய் மூடிக்கொள்வார்.

ஆகவே, அவரைத் தனியிடத்தில் அமர்த்தி, குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ என்ன செய்தாய், அவர் அடிக்க?" என்று கேட்காதீர்கள். "உன்மேல் தவறில்லை, நீ சொல்வதை நம்புகிறோம்" என்று சொல்லுங்கள். காயம் இருந்தால் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அங்கே நடந்ததை நடந்தபடி பதியச் செய்யுங்கள். "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்ற பொய் பின்னாளில் வழக்கைக் கெடுக்கும். அவர் சொன்னதை அவர் இசைவின்றி வேறெவரிடமும் சொல்லாதீர்கள். கணவனிடம் போய் நியாயம் கேட்பதும் அவர் அறியாமல் நடத்தலாகாது. அதன் பலனை அவர்தான் அன்றிரவு அனுபவிக்க வேண்டியிருக்கும். உடனே வீட்டை விட்டு வர அவர் விரும்பாவிட்டால் கோபம் கொள்ள வேண்டாம். மீண்டும் வரும் நாளுக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

முன்னேற்பாடு

புயலுக்கு முன்னேற்பாடு செய்வதுபோல இதற்கும் செய்யலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், மாற்றுடையையும், சிறிது பணத்தையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டாரோடு ஒரு குறிப்பு ஏற்படுத்திக்கொள்ளலாம்: பின்வாசல் விளக்கு எரிந்தால் 112ஐ அழைப்பது என்பது போல. சண்டை மூளும் வேளையில் அரிவாள்மனையும் அடுப்பும் உள்ள சமையற்கட்டில் நிற்காமல், வெளிவாசல் உள்ள பக்கம் வந்துவிடுவது நலம். ஓடிப் போக வேண்டிய வீடு எது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், வயல்வெளிக் கொட்டகையில் பூட்டி வையுங்கள். மனமுடைந்த ஒரு நொடியில் கைக்கெட்டாத மருந்து ஓர் உயிரைக் காக்கும்.

வன்முறையாளரைப் பிரிந்து வரும் நாளும் அதை அடுத்த சில வாரங்களும் மிகுந்த ஆபத்து உள்ளவை. அப்போது அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை உறவினரானாலும் கேட்பவர்க்கெல்லாம் சொல்லிவிடலாகாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், 181 எண்ணையும் சட்டத்தின் சாரத்தையும் ஒவ்வொரு முறையும் அறிவிக்கலாம். ஆனால், தனி ஒரு பெண்ணின் வழக்கைச் சபையில் விசாரிப்பதோ, அவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதோ கூடாது. உதவி எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுவதோடு, ஆண்கள் வாராத பெண்கள் கழிப்பிடத்தின் உட்சுவரிலும் எழுதி வைத்தால் பயன் மிகும். நள்ளிரவிலும் கதவு திறக்கும் இரண்டு மூன்று வீடுகளை மகளிர் குழுக்கள் வாயிலாக ஓசையின்றித் தேர்ந்துகொள்ளலாம். கூலியைப் பெண்கள் கையிலோ அவர்கள் கணக்கிலோ கொடுப்பதை ஊர் வழக்கமாக்கலாம். தன் காசு கையில் இருப்பவரே பேருந்தேறி உதவி தேடிச் செல்ல முடியும்.

1995ஆம் ஆண்டு குஜராத் மாநிலத்துப் பரோடா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டத்தைச் சேர்ந்த கிராமத்துப் பெண்கள் 'நாரி அதாலத்' என்னும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார்கள். குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடி, துன்புற்ற பெண்ணின் சொல்லை முதலில் கேட்டார்கள். முடிவுக்குப் பிறகும் வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே. நம் மகளிர் குழுக்களாலும் அது இயலும்.

தென்பெண்ணையின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை நாம் அறிவோம். பாரி மாண்ட பின், தந்தையை இழந்த அவன் மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு அரசர்களின் வாயில்தோறும் சென்றார். பெரிய வாயில்கள் சில திறக்கவில்லை. பாரி மகளை மலையமானுக்கு மணம் செய்து கொடுத்தார் என்ற செய்தியைத் திருக்கோவிலூர்க் கல்வெட்டு கூறுகிறது. அடைக்கலம் தேடி வந்தவருக்கு இடம் தந்த ஊர் என்ற பெயர் நமக்குப் பழமையானது. இன்றிரவு நம் தெருவில் ஒரு பெண் கதவைத் தட்டினால், அப்பெயரைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.