உங்களுக்குத் தெரியுமா? பால்சாவில் பிசிறில்லாத வட்டத் துளை

மாதிரி விமானம் கட்டுவோர் அதிகம் தடுமாறும் வேலைகளில் ஒன்று, பால்சா பலகையில் வட்டமாகத் துளை போடுவது. கையாலேயே கிழிக்கக்கூடிய மரம்தான். ஆனால் டிரில்லை வைத்ததும் ஓரம் சிதைந்துவிடுகிறது. ஏன் இப்படி, எப்படித் தவிர்ப்பது?

● தாவரவியல் பிரிவின்படி பால்சா ஒரு கடின மரம்! பருத்தியும் இலவமும் சேர்ந்த மால்வேசி குடும்பத்தில்தான் இதுவும் இருக்கிறது. ஈக்வடார் நாட்டிலிருந்து அதிகமாக ஏற்றுமதியாகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ எடை வரும். அதே அளவு பால்சா சுமார் 160 கிலோதான்.

● பால்சாவின் செல்கள் பெரியவை, அவற்றின் சுவர்களோ மிக மெல்லியவை. மழுங்கிய முனை பட்டால் அந்தச் சுவர்கள் அறுபடாமல் நசுங்கும், நார் பிய்ந்துகொண்டு வரும். இரும்புக்குச் செய்யப்பட்ட சாதாரண டிரில் பிட் மரத்தைத் தன் பக்கம் இழுத்துக் கிழித்துவிடும். நடுவில் கூர்முனையும் ஓரத்தில் வெட்டு விளிம்பும் உள்ள மர வேலை பிட், நாரை முதலில் அறுத்துவிட்டுப் பிறகு குடைவதால் பரவாயில்லை.

● சிறிய துளைகளுக்கு மோட்டாரே வேண்டாம். சுவர் அரை மில்லிமீட்டரும் வராத பித்தளைக் குழாய்த் துண்டு போதும். அதன் வாயைக் கூர்மையாக்கி, பலகை மேல் நேராக நிறுத்தி, லேசாக அழுத்தியபடி விரல்களால் உருட்டித் திருகினால் வில்லை தனியாக அறுந்து வரும். குழாய்கள் பல அளவுகளில் கிடைப்பதால் வேண்டிய துளைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

● அந்தக் குழாயை எந்தப் பக்கம் தீட்டுகிறோம் என்பதும் முக்கியம். வெளிப்பக்கத்தை அரத்தால் சரித்தால், அந்தச் சரிவு துளையின் ஓரத்தை நெருக்கி நசுக்கும். உள்பக்கத்தைச் சரித்தால் நசுங்குவது வெளியே வரும் வில்லைதான். துளையின் சுவர் சுத்தமாக நிற்கும், அளவும் குழாயின் வெளி விட்டத்துக்குச் சரியாக இருக்கும்.

● பிசிறு அதிகம் வருவது முனை வெளியேறும் அடிப்பக்கத்தில். கடைசி நார்களைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லாததே காரணம். அடியில் ஒரு கழிவுப் பலகையை ஒட்டினாற்போல் வைத்து இறுக்குங்கள். அல்லது முனை லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுவதும் உதவும்.

● பெரிய வட்டத்தை பிளேடு பொருத்திய காம்பஸால் வெட்டும்போது, ஒரே அழுத்தில் ஆழமாகப் போகக் கூடாது. நார் ஓட்டத்துக்குச் சாய்வாக வரும் இடங்களில் பிளேடு நாரோடு ஓடப் பார்க்கும். வட்டத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, வழுக்கினாலும் பிளேடு உள்ளே கழியும் பகுதிக்குள் போகும் திசையிலேயே ஒவ்வொன்றையும் மெல்ல மெல்லக் கீறுங்கள். கோட்டுக்குச் சற்று உள்ளேயே வெட்டி, வட்டக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம்.

● துளை போடும் இடத்தில் நீர்த்த சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ வகை) ஒரு சொட்டு விட்டால், அது நாருக்குள் ஊறி இறுகும். காய்ந்தபின் துளையிட்டால் ஓரம் உதிராது. சிந்திய பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம். பருத்தி பட்டதும் இந்தப் பசை வேகமாக இறுகி, விரலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

● இறக்கையின் ரிப் (குறுக்கே வரும் விலாத் துண்டு) எல்லாவற்றிலும் துளை ஒரே நேர்கோட்டில் வர வேண்டுமா? அவற்றை அடுக்கி, இரண்டு பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே இறுக்கி, ஒரே தடவையில் துளையிடுங்கள். நடுவில் உள்ள பால்சாவுக்கு இருபுறமும் தாங்கல் கிடைப்பதால் பிசிறும் குறையும்.

● வளையும்போது ரிப்பின் மேல், கீழ் ஓரங்களே அதிகப் பளுவைத் தாங்குகின்றன. அதனால் எடைக் குறைப்புத் துளை நடுவில்தான் இருக்க வேண்டும். 3 மி.மீ. தடிமனில் 20 மி.மீ. விட்டமுள்ள துளை ஒன்று குறைப்பது சுமார் 0.15 கிராம். 30 துளைகள் போட்டால் 4.5 கிராம். சிறிய மாதிரிக்கு இது நல்ல லாபம்தான்.

● துளை ஏன் சதுரமாக இல்லாமல் வட்டமாக இருக்கிறது? கூர்மையான மூலையில் இழுவிசை குவிந்து, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் நடுவானில் சிதறின. உடற்பகுதியில் வெட்டிய திறப்பின் மூலையருகே உலோகக் களைப்பால் விரிசல் தொடங்கியதை ஆய்வு காட்டியது.

● காமெட்டைக் கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனம்தான் மஸ்கிட்டோ போர் விமானத்தையும் கட்டியது. 1940 நவம்பர் 25-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் உடல், பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டியது. திறப்புகள் வரும் இடங்களில் மட்டும் பால்சாவுக்குப் பதில் உறுதியான மரம் வைத்தார்கள். மாதிரி விமானத்திலும் போல்ட் இறுகும் துளையைச் சுற்றி ஒரு பிளைவுட் வளையம் ஒட்டுவது அதே முறைதான்.

● பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பால்சா பலகைகளின் எடையில் இரு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். 75 × 900 × 3 மி.மீ. பலகை, 20 கிராமும் இருக்கும், 40 கிராமும் இருக்கும். லேசானது எளிதில் நசுங்கும், கனமானது சுத்தமாக அறுபடும். ஒன்றில் நன்றாக வந்த பிட், அழுத்தம், வேகம் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே தராசில் பலகையை நிறுத்துப் பார்த்து, அதே பலகையின் கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டுப் பார்த்த பிறகே ரிப்பில் கை வையுங்கள்.