மோட்டார் வண்டி எஞ்சினில் எழும் தட்டுச் சப்தங்கள்

பால், காய்கறி, உரம் முதலியவற்றை ஏற்றிச்செல்வதற்காகக் கூட்டுறவுச் சங்கங்களும் அங்கத்தினர்களும் கடன் பெற்றுச் சிறு மோட்டார் வண்டிகள் வாங்குகின்றனர். வண்டி ஓடினாலன்றித் தவணை செலுத்த இயலாது. எஞ்சினில் தட்டுச் சப்தம் எழும்போது அதை அசட்டை செய்வது பிசகு. உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதும் வீண் செலவாகும். சப்தம் எப்பொழுது, எவ்விடத்தில் எழுகிறதென்று கவனிப்பதே முதற்காரியம்.

புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து லாஸ்பேட்டைக்குச் செல்லும் பாதை மேட்டுநிலத்தை நோக்கி ஏறுகிறது. இத்தகைய ஏற்றத்தில் பாரத்துடன் செல்லும் பெட்ரோல் வண்டி 'கிணுகிணு'வென்று ஒலித்து, சமநிலம் வந்ததும் அவ்வொலி அடங்கினால், அது எரிபொருள் எரிவதில் உள்ள கோளாறாகும். பிளக்கின் பொறியால் மூண்ட சுவாலை பரவி வருமுன், மீதமுள்ள வாயு அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் தானே பற்றிக்கொள்வதால் இது நேருகிறது. பொறி முந்தி விழுதல், உள்ளே கரி படிதல், எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுதல், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலத்தல் ஆகியவை முக்கிய காரணங்கள். இதைத் தடுக்க அமெரிக்காவில் 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயம் கலந்த சரக்கொன்றைக் கண்டறிந்தார். அது விஷமாதலால் இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் விலக்கப்பட்டது. பெட்ரோல் இத்தட்டைத் தாங்கும் சக்தியை ஆக்டேன் எண் குறிக்கும். வண்டிக்கு விதித்த எண்ணிற் குறைந்ததை ஊற்றலாகாது. ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டுவதும் நலம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கேட்டு, சூடேறியபின் மறையும் தட்டு பெரும்பாலும் பிஸ்டன் தேய்வின் அடையாளம். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் அவகாசம் உண்டு. மேற்பாகத்தில் மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்டால் முதலில் ஆயில் அளவையும், பின்னர் வால்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

அடிப்பாகத்தில் கனத்த 'டொக் டொக்' ஒலி எழுந்து, வேகம் கொடுக்கும்போது வலுத்தால், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அக்கணமே வண்டியை நிறுத்துவது அவசியம். மேலும் ஓட்டினால் ராடு முறிந்து எஞ்சின் உடலையே துளைக்கும். பேரிங் மாற்றும் செலவோடு தீரவேண்டியது எஞ்சின் முழுவதையும் விழுங்கிவிடும்.

டீசல் எஞ்சினில் ஓரளவு தட்டொலி இயல்பே. புதிதாக அது வலுத்தால் இன்ஜெக்டரைச் சோதிப்பிக்க வேண்டும்.

நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மீது வைத்துப் பிடியைக் காதருகே கொண்டால் சப்தம் எழும் இடம் தெரியும். விசிறி, பெல்ட்டு இவற்றின் அருகே கையோ துணியோ செல்லலாகாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு இருப்பதால் இச்சோதனையைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும்.

குளிர்ந்தபோதா, சூட்டிலா, பாரத்துடனா, வெறுமையாகவா, மேலா, கீழா, ஆயில் அளவு எவ்வளவு என்பவற்றை டிரைவர் அன்றன்றே வண்டிப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். பழுதுச் செலவு மதிப்பீடு வரும்போது நிர்வாகக் கமிட்டியார் அதை இக்குறிப்புடன் ஒப்பிட்டு நோக்கியபின் அனுமதி அளித்தால், சங்கப் பணம் வீணாகாது; வண்டியும் நெடுநாள் உழைக்கும்.