முதிய கைக்கு ஏற்ற தண்டு

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தை நெடுந்தூரம் அனுப்பப் பயன்படும் மட்டைக்கு ‘டிரைவர்’ என்று பெயர். நாற்பது வயதில் இதனால் பந்தை 200 மீட்டர் அனுப்பியவர், எழுபது வயதில் 165 மீட்டர்தான் அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். மட்டையின் தண்டை மாற்றினால் இழந்த தூரம் திரும்புமா?

முதலில் மோதலைக் கவனியுங்கள். மட்டைத் தலையின் நிறை சுமார் 200 கிராம். பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! மீட்சிக் குணகம் 0.8 எனக் கொண்டு உந்த அழிவின்மை விதிப்படி கணக்கிட்டால், பந்து தலையின் வேகத்தைப்போல் 1.46 மடங்கு வேகத்தில் கிளம்பும். தலையின் வேகம் விநாடிக்கு 40 மீட்டரானால் பந்துக்கு 58 மீட்டர். 34 ஆகக் குறைந்தால் 50 மீட்டர்தான். இவ்வளவு குறுகிய நேரத்தில் தண்டு குறுக்கிட இயலாது. அதன் வேலை மோதலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்த வேலையில் எடைக்குப் பெரும் பங்குண்டு. ஹிக்கரி மரத் தண்டுகளுக்குப் பதிலாக எஃகுத் தண்டுகளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் 1929-ல் அனுமதித்தது. எஃகுத் தண்டு சுமார் 120 கிராம் இருக்கும். இன்றைய கரி இழைத் தண்டு 50 கிராம் போதும். தண்டின் நீளம் 1.1 மீட்டர் எனக் கொண்டால், பிடியைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. அதே உழைப்புக்கு வேகம் 5 சதவீதம் வரை கூடலாம். கைகளும் சேர்ந்தே சுழல்வதால் உண்மையில் கிடைப்பது இதற்கும் குறைவே. ஆயினும் தளர்ந்த தோளுக்கு அது பெரிய உதவி அல்லவா? மேலும் கரி இழை அதிர்வை எஃகைவிட நன்றாகத் தணிப்பதால், மூட்டுவலி உள்ளவருக்கு இதமாக இருக்கும்.

அடுத்தது வளைவு. தலையின் ஈர்ப்பு மையம் தண்டின் அச்சில் இல்லை; சற்றுப் பின்தள்ளி இருக்கிறது. வேகமாகச் சுழலும்போது அது கைகளுக்கு நேர்கோட்டில் வர முயல்வதால், தண்டு முன்னோக்கி வளைந்து, மட்டையின் முகம் சிறிது மேல்நோக்கிச் சாய்கிறது. மெதுவாக வீசுபவருக்கு இந்தச் சாய்வு நல்லது. பந்து உயர எழுந்து காற்றில் கூடுதல் நேரம் பறக்கும். விறைப்பான தண்டு அவர் கையில் போதிய அளவு வளையாது. மிகவும் துவளும் தண்டோ திசையைக் கெடுக்கும்.

தண்டுகளின் மீது எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகள் இருக்கும். ‘எல்’ மிகவும் வளைவது, ‘எக்ஸ்’ மிகவும் விறைப்பானது; முதியோருக்கு ‘ஏ’ என்பார்கள். ஆனால் இவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்’ மற்றொன்றின் ‘எஸ்’ போல இருக்கலாம். எனவே எழுத்தை நம்பி வாங்காமல், வீசிப் பார்த்து, பத்துப் பந்துகளாவது அடித்து, தூரத்தையும் நேர்மையையும் ஒப்பிட்டே வாங்க வேண்டும். பந்து தாழ்வாகவே பறந்தால், தண்டைக் குறை கூறுமுன், 9 பாகைத் தலைக்குப் பதில் 12 பாகைத் தலையைப் பொருத்திப் பார்க்கலாம். அதன் பயன் தண்டின் வளைவு தருவதைவிடப் பெரிது.

மாணவர்களே, ஓர் எஃகு அடிகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துச் சுண்டிவிடுங்கள். வெளியே நீண்டிருக்கும் பகுதி கூடக்கூட அதிர்வு மெதுவாகும். தண்டின் விறைப்பை அளப்பதும் இம்முறையில்தான்: பிடியை இறுக்கி, மறுமுனையைச் சுண்டி, அதிர்வுகளை எண்ணுகிறார்கள். டிரைவர் விநாடிக்குச் சுமார் நான்கு முறை அதிரும். எண்ணிக்கை குறைந்தால் வளைவு மிகுதி.

இழந்த 35 மீட்டரையும் எந்தத் தண்டும் மீட்டுத் தராது. தண்டு ஆற்றலைப் படைப்பதில்லை; இருக்கும் ஆற்றல் வீணாகாமல் பந்தைச் சேர வழிசெய்கிறது. முதியவர் உடலை வருத்தாமல் ஆட்டத்தைத் தொடர அது போதுமானது.