வயது வந்தோருக்கான உருவச் சறுக்குத் தேர்வுகள்

உருவச் சறுக்குத் தேர்வுகள் என்பன, ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனிக்கட்டிச் சறுக்கு விளையாட்டில் ஒருவர் அடைந்துள்ள திறனைப் படிப்படியாக அளந்து சான்றளிக்கும் தேர்வுகள் ஆகும். போட்டியில் ஒரு சறுக்கர் பிற சறுக்கர்களோடு ஒப்பிடப்படுகிறார். தேர்விலோ முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு தரத்தோடு மட்டும் ஒப்பிடப்படுகிறார். இவ்விளையாட்டைப் பெரும்பாலோர் ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்குவதால் தேர்வுமுறைகளும் குழந்தைகளை மனத்திற்கொண்டே உருவாயின. பணி, குடும்பம் என்று நிலைத்த பின்னர் முதன்முறையாகப் பனிக்கட்டியில் கால் வைப்போருக்கெனத் தனிப்படிகள் அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் பின்னர் ஏற்படுத்தப்பட்டன. இக்கட்டுரை அத்தனிப்படிகளைப் பற்றியது.

பெயரும் தோற்றமும்

இன்று தொலைக்காட்சியில் காண்போருக்கு இது இசைக்கேற்ற நடனமாகவும் தாவலாகவும் தோன்றும். பெயரில் உள்ள 'உருவம்' என்பதோ, அலகினால் பனிக்கட்டியின் மேல் வரையப்படும் வட்டம், எட்டு போன்ற கோட்டுருவங்களையே குறிக்கும். 1879 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச்சு நகரில் நிறுவப்பட்ட தேசியச் சறுக்குச் சங்கம், அடுத்த சில ஆண்டுகளில் மூன்றாம், இரண்டாம், முதலாம் வகுப்பு என்று தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. அக்காலத்தில் தேர்வு எழுதியோர் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

ஒரே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் பிசகாது செல்லவேண்டிய இக்கட்டாய உருவங்கள், 1968 வரை பன்னாட்டுப் போட்டிகளில் மொத்த மதிப்பில் 60 விழுக்காட்டைப் பெற்றிருந்தன. 1990 ஆம் ஆண்டு உலகப் போட்டியோடு அவை பன்னாட்டுப் போட்டிகளில் இருந்து நீக்கப்பட்டன. உருவத் தேர்வின் இடத்தை, அரங்கின் முழுநீளத்தையும் பயன்படுத்திச் செய்யும் அடிநடைப் பயிற்சிகள் பிடித்தன. அமெரிக்காவில் 'மூவ்ஸ் இன் த ஃபீல்ட்' என்று வழங்கிய இப்பகுதி 2023 முதல் 'ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்', அதாவது சறுக்குத் திறன்கள், என்று பெயர் மாற்றம் பெற்றது.

அலகும் பனிக்கட்டியும்

தேர்வில் எது அளக்கப்படுகிறது என்பதை அறிய அலகின் அமைப்பை அறிதல் வேண்டும். சறுக்குக் காலணியின் அலகு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அது கத்தி போல ஒரே கூர்மையில் முடிவதில்லை. அடிப்பகுதி நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடிக்கப்படுவதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டாகின்றன. இரண்டு கால்கள், இரண்டு விளிம்புகள், முன்னும் பின்னுமாக இரண்டு திசைகள் ஆகியவற்றைப் பெருக்கினால் எட்டு அடிப்படை நகர்வுகள் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே திருப்பம். தேர்வுகளின் பெரும்பகுதி இம்மாற்றங்களின் தூய்மையைப் பற்றியதே.

பனிக்கட்டி வழுக்குவது ஏன் என்ற வினாவுக்கு, எடையின் அழுத்தத்தால் அது உருகுகிறது என்ற விடை பல பாடநூல்களில் காணப்படுகிறது. அழுத்தம் உருகுநிலையைச் சில பாகையே குறைக்கும். அதைவிடக் குளிர்ந்த பனியிலும் சறுக்க முடிகிறது. உராய்வினால் தோன்றும் வெப்பமும், பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள நீர்மம் போன்ற மெல்லிய படலமும் முதன்மைக் காரணங்கள் என்று இன்று கருதப்படுகிறது. இப்படலத்தை 1850 இல் மைக்கேல் பாரடே முன்மொழிந்தார்.

வளைவில் செல்லும் சறுக்கர் உட்பக்கம் சாயவேண்டும். சாய்வுக் கோணத்தின் டான்சன்ட் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை வட்ட ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்பவருக்குச் சுமார் 8 பாகைச் சாய்வு போதும். வேகம் 4 மீட்டரானால் சாய்வு சுமார் 29 பாகை ஆகிவிடும். வயது வந்த தேர்வரின் முதன்மைச் சிக்கல் இங்கேதான் உள்ளது. அவர் அச்சத்தால் மெல்லச் செல்கிறார். மெல்லச் செல்வதால் சாய இயலாது. சாயாததால் விளிம்பு ஆழமாகப் பதியாது. நடுவர் தேடுவதோ அந்த ஆழத்தை. திருப்பத்தின் முறையைப் பிழையின்றி அறிந்தவர்கூட இதனால் தேர்ச்சி பெறாமல் போவதுண்டு.

தேர்வின் அமைப்பு

அமெரிக்காவில் யூ.எஸ். ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் அமைப்பு 21 வயது நிறைந்தோருக்கான தேர்வுகளை முன்வெண்கலம், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் நான்கு படிகளாக நடத்துகிறது. சறுக்குத் திறன்கள் ஒரு தேர்வு. தாவல்களும் சுழற்சிகளும் கொண்ட தனியாட்டம் மற்றொரு தேர்வு. பனிநடனத்துக்குத் தனித் தேர்வுகள் உள்ளன.

முதற்படியில் விளிம்புகளும், கால்மேல் கால் மாற்றி வளைவில் செல்லும் நடையும் எளிய நிலையில் கேட்கப்படும். வெண்கலத்தில் மூன்று என்ற இலக்கத்தின் வடிவைப் பனியில் விட்டுச்செல்லும் 'மூன்றுத் திருப்பம்', ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறித் திரும்பும் 'மோகாக்' ஆகியன வருகின்றன. தாவல்களில் அரைச்சுற்றுத் தாவலில் தொடங்கி ஒற்றைச்சுற்றுத் தாவல்கள் வரை படிப்படியாகக் கேட்கப்படும். 1882 இல் வியன்னாவில் ஆக்செல் பால்சன் செய்துகாட்டிய ஒன்றரைச் சுற்றுத் தாவல் இவற்றுள் தனித்து நிற்கிறது. பெயர்பெற்ற தாவல்களில் இது ஒன்றே முன்னோக்கிச் சென்றவாறு எழும்பப்படுகிறது. முப்பது வயதுக்கு மேல் தொடங்கியோரில் பலர் இதற்காகப் பல ஆண்டுகள் செலவிடுகின்றனர்.

கனடாவில் இதையொத்த படிகள் உள்ளன. அங்கு தேர்வு என்னும் சொல்லைக் கைவிட்டு 'மதிப்பீடு' என்னும் சொல்லை ஆள்கின்றனர்.

தேர்வு நாள்

தேர்வர் அரங்கில் தனியே நிற்பார். மரபான முறையில் மூன்று நடுவர்கள் தனித்தனியே மதிப்பிடுவர், இருவர் ஏற்றால் தேர்ச்சி. நடுவர்கள் தமக்குள் கலந்து பேசுவதில்லை. குறிப்பிட்ட ஒரு பகுதி மட்டும் பிசகினால் அதை மறுமுறை செய்துகாட்ட வாய்ப்பு அளிக்கப்படலாம். முடிவுத்தாளில் 'தோல்வி' என்று எழுதும் வழக்கமில்லை. 'மீண்டும் முயல்க' என்பதே அங்குள்ள சொல். சொல் மென்மையானதாயினும், ஓராண்டு உழைப்புக்குப் பின் அதைப் பெறும் நாற்பது வயதினருக்குப் பொருள் ஒன்றுதான்.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, நிகழ்படம் பதிவு செய்து அனுப்பித் தேர்வு எழுதும் முறை அமெரிக்காவில் வந்தது. விடுப்பு எடுத்து வேற்றூர் செல்ல இயலாத பணியாளர்களுக்கு இது பெரும் உதவியாயிற்று.

உடலும் அச்சமும்

குழந்தை விழும் உயரம் குறைவு, எடையும் குறைவு. வளர்ந்தவர் விழும்போது இயல்பாகவே கையை ஊன்றுவார். முழு எடையும் மணிக்கட்டில் இறங்குவதால் முன்கை எலும்பு முறிவது உண்டு. இதனால் முதல் பாடமே விழுவதற்கான பாடமாக அமைகிறது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் இடுப்பின்மேல் விழுந்து, கைகளை உடலோடு சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்த முதியோர் தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அணிவது நல்லது.

குற்றாலம் பேரருவியில் பாசி படிந்த பாறைமேல் நின்று இரும்புக் கம்பியைப் பற்றிக் குளித்தவர்களுக்கு இவ்வச்சம் புதிதன்று. கம்பியை விட்டால் வழுக்கும் என்று உடல் தானே முடிவு செய்துவிடுகிறது. பனி அரங்கில் ஓரத் தடுப்பைப் பற்றும் கையும் அவ்வாறே. ஆனால் பாறையில் அசையாது நிற்பது பாதுகாப்பு. பனிக்கட்டியில் அசையாது நிற்பதே கடினம், மிதிவண்டியைப் போலச் செல்லும்போதுதான் நிலைத்தன்மை கூடுகிறது.

தரம் பற்றிய விவாதம்

வயது வந்தோர் படிகளின் 'தங்கம்' குழந்தைகள் வழிவந்த பொதுப்படிகளின் உச்சத் தங்கத்துக்கு ஈடாகாது. இதைச் சுட்டிச் சிலர் இவற்றைச் சலுகைத் தேர்வுகள் என்பர். வேகம், ஆற்றல் ஆகியவற்றில் எதிர்பார்ப்பு தளர்த்தப்பட்டுள்ளது உண்மையே. எனினும் மூன்றுத் திருப்பத்தில் விளிம்பு மாறாமல் சறுக்கினால் அது எந்த வயதிலும் பிழைதான். மேலும், வயது வந்தோர் விரும்பினால் பொதுப்படிகளையே எழுதலாம், எழுதுவோரும் உள்ளனர்.

இப்படிகள் வெறும் சான்றிதழோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் முதலாவது வயது வந்தோர் தேசியப் போட்டி 1995 இல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் நடந்தது. 2005 இல் செருமனியின் ஓபர்சுடோர்ஃப் நகரில் 28 வயது நிறைந்தோருக்கான பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. பேரப்பிள்ளைகள் எடுத்தோரும் இதில் வயதுப் பிரிவுவாரியாகக் கலந்துகொள்கின்றனர்.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் சிம்லாவின் திறந்தவெளி அரங்கு 1920 இல் தொடங்கியது. அங்கு குளிர்கால இரவுகளில் நீர் தானே உறைகிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட உள்ளரங்கு, நெடுங்காலம் மூடிக்கிடந்து 2025 இல் மீண்டும் பன்னாட்டுப் போட்டியைக் கண்டது. குருகிராமில் வணிக வளாகம் ஒன்றினுள் அரங்கு உண்டு. அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் இந்தியாவின் சார்பில் 2025 ஆர்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் உருவச் சறுக்கில் பங்கேற்றார்.

தென்காசி போன்ற ஊரில், சாரல் எவ்வளவு குளிர்ந்தாலும், நீர் உறைவதில்லை. அரங்கின் பனிக்கட்டியைச் சுழியத்துக்குக் கீழ் 3 அல்லது 4 பாகையில் ஆண்டு முழுதும் வைத்திருக்க ஆகும் மின்செலவே இங்கு பெருந்தடை. எனவே தமிழ்நாட்டில் இக்கலைக்கு அருகில் வரும் வழி உருளைச் சறுக்கு ஆகும். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 இல் சீனாவில் நடந்த உலக உருளை விரைவுச் சறுக்குப் போட்டியில் தங்கம் வென்றபின் இவ்விளையாட்டு பரவலாக அறியப்பட்டது. அதன் கலைப்பிரிவில், முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு உருளைகள் கொண்ட காலணியுடன், பனிச்சறுக்கின் அதே தாவல்களும் சுழற்சிகளும் திருப்பங்களும் செய்யப்படுகின்றன.

உருளைக் காலணியில் கற்றவர் பின்னர் பனிக்கட்டிக்குச் செல்லும்போது உடற்சாய்வு, தோள்களின் கட்டுப்பாடு, ஒற்றைக்காலில் நிற்கும் பழக்கம் ஆகியன உடன்வரும். உருளைக் காலணி சாய்ந்தால் அச்சுகள் திரும்பி வளைவு உண்டாகிறது. அலகோ பனியைக் கீறிக்கொண்டு வளைகிறது. நிறுத்தும் முறையும் வேறு. உருளைக் காலணியின் முன்கட்டையை ஊன்றி நின்று பழகியவர், அதே பழக்கத்தில் அலகின் நுனிப்பற்களை ஊன்றினால் முகங்குப்புற விழுவார்.